ஒரு நாற்காலிக்கு ஆறு வேலை

பேனர் தொழிலில் காற்று முதலில் பிடித்து இழுப்பது மூலையைத்தான். அதனால்தான் ஓரத்தை மடித்து ஒட்டி, கயிறு கோக்க நாலு மூலையிலும் பித்தளைக் கண் அடிக்கிறோம். ஈப்போவில் ஓர் அச்சுக்கடையில் ஒன்பது வருடமாக அந்த மூலைகளைப் பார்த்துக்கொண்டவள் நான். கோயில் திருவிழா, கல்யாணம், கடை திறப்பு, கருமாதி எதுவானாலும் துணி என் கையில் கண் வாங்கிக்கொண்டுதான் வெளியே போகும்.

பெயர் பாக்கியம். சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். படிவம் மூன்றோடு, அதாவது ஒன்பதாம் வகுப்போடு, படிப்பு நின்றுவிட்டது. மகன் குடும்பத்தோடு ஜோகூரில் இருக்கிறான், மகள் தஞ்சோங் மாலிமில் கார்த் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறாள். லாரி ஓட்டிக்கொண்டிருந்த எங்கள் வீட்டுக்காரர் நெஞ்சு ஆபரேஷனுக்கு அப்புறம் வீட்டோடு இருக்கிறார். பிள்ளைகள் கொடுக்க மாட்டார்கள் என்றில்லை. கேட்காமல் இருக்கிற வரைக்கும்தான் அவர்களை நான் அதட்ட முடியும். அதனால் எனக்கு இந்த வேலை வேண்டும்.

இப்போதெல்லாம் எந்தக் கடைக்குப் போனாலும் ஒரு வேலை தெரிந்தால் போதாது என்கிறார்களே, அதில் மாட்டிக்கொண்டவர்கள் உங்களிலும் இருப்பார்கள். கம்ப்யூட்டரைப் பார்த்தாலே கை வியர்க்கிற அம்மாமார்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். வியர்வை எனக்கும் இன்னும் நிற்கவில்லை.

நானே நேராக ஒட்டியது

எங்கள் கடையில் டிசைன் செய்துகொண்டிருந்தவர் நல்ல சம்பளம் கிடைத்து கோலாலம்பூருக்குப் போய்விட்டார். அவர் போன மறுவாரம் முதலாளி பிரகாஷ் ஒரு தாளைக் கொண்டுவந்து, லேமினேட் பண்ணிக் கண்ணாடிக் கதவில் ஒட்டச் சொன்னார். பிரகாஷுக்கு என் மகன் வயது. என்னை அக்கா என்பார், நான் அவரை பாஸ் என்பேன். அளவுகோல் வைத்துப் பார்த்து, காற்றுக் குமிழி இல்லாமல் தேய்த்து ஒட்டினேன். கோணலாக இருக்கிறதா என்று வெளியே போய்ப் பார்த்தபோதுதான் அதைப் படித்தேன்.

ஒரே ஒரு ஆள் தேவை என்று போட்டிருந்தது. டிசைன் செய்ய வேண்டும். வீடியோ எடுத்து ஒழுங்கு பண்ண வேண்டும். மூன்று மொழியில் விளம்பரம் எழுத வேண்டும். கடையின் இணையப் பக்கத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும். வாடிக்கையாளரிடம் பேச வேண்டும். ஏணி ஏறி பேனர் கட்ட வேண்டும். எண்ணிப் பார்த்தேன், ஆறு. உள்ளே நாங்கள் இரண்டு பேர். முன்மேசையில் போன் எடுத்து பில் போடுகிற மேரி, பின்னால் கண் அடிக்கிற நான். மேரி எனக்கு ஏழு வயது இளையவள். கல்யாணம் ஆகாதவள், சிலிபினில் அண்ணன் வீட்டில் இருக்கிறாள். அந்த வீட்டில் அவளுக்கு ஒரு மரியாதை இருக்கிறது என்றால் அது இந்தச் சம்பளத்தால் வந்த மரியாதை.

உள்ளே வந்து, "பாஸ், இதுல நாங்க ரெண்டு பேரும் எங்க இருக்கோம்?" என்று கேட்டேன். மேரி பில் போடுவதை நிறுத்திவிட்டாள். பிரகாஷ் கெட்டவர் இல்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டார். பெரிய கடைகளில் ஒரே ஆள் எல்லாம் செய்து கொடுக்கிறார், நம்மிடம் வருகிறவர்கள் அதையே கேட்கிறார்கள் என்றார். வெள்ளைப் பலகையில் நடுவே கோடு போட்டு எங்கள் இரண்டு பேர் பெயரையும் எழுதி, ஒவ்வொன்றுக்கும் கீழே ஆறு கட்டம் போட்டார், வருகிற வேலைக்குச் சரி போட. அப்புறம் எங்களைப் பார்க்காமல் பலகையைப் பார்த்தே சொன்னார்: "மூணு மாசம் பாப்போம்க்கா. உங்க ரெண்டு பேர்ல யாருக்கு இந்த ஆறும் வருதோ, அவங்க இருங்க."

கொண்டை

கம்ப்யூட்டர் எலியைப் பிடிக்க எனக்குக் கற்றுக்கொடுத்தது மகள்தான். ஞாயிற்றுக்கிழமை போனில் முகம் பார்த்துப் பேசியபடியே சொல்லிக்கொடுத்தாள். "அம்மா, மேல ஒரு வளைஞ்ச அம்பு இருக்கு பாருங்க. அத அமுக்குனா நீங்க செஞ்ச தப்பு இல்லாமப் போயிரும்." இதைத்தானே நான் காலையும் மாலையும் சாமியிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன்! இங்கே ஒரு விரலில் நடக்கிறது.

அந்தத் தைரியத்தில் ஓர் அழகு நிலையத்து அம்மாவின் படத்தை எடுத்துப் பின்புறத்தை வெட்டி நீக்கினேன். அவர் கறுப்புத் திரைக்கு முன்னால் நின்று எடுத்த படம். ஒரு பொத்தானை அமுக்கினால் மெஷினே வெட்டிவிடும். வெட்டியது. பூ வைத்த இடத்தில் பூ இருந்தது, பொட்டு இருந்தது, தோடு இருந்தது. திருப்தியாக அச்சுக்கு அனுப்பிவிட்டேன். மறுநாள் அந்த அம்மா வந்து பேனரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தன் தலையைத் தடவிப் பார்த்தார். திரையும் கறுப்பு, முடியும் கறுப்பு. மெஷின் கொண்டையையும் சேர்த்துத் தூக்கிவிட்டது. பூ மட்டும் தனியாகக் காற்றில் நின்றது.

மேரி பில் புத்தகத்துக்குள் முகத்தை வைத்துக்கொண்டு குலுங்கினாள். அப்போது அவள் சிரிப்பில் எனக்குக் கோபம் இல்லை, நானும் சேர்ந்து சிரித்திருப்பேன், பிரகாஷ் மட்டும் பலகைப் பக்கம் பார்க்காமல் இருந்திருந்தால். அந்த அம்மா சிரிக்கவில்லை. "என்னங்கக்கா, என்னைய மொட்டையாக்கிட்டீங்க! இதப் பாத்துட்டு எவ என் கடைக்கு முடி அலங்காரத்துக்கு வருவா?"

மிளகாய்த்தூள்

தாப்பாவிலிருந்து ஒரு மிளகாய்த்தூள் வியாபாரி வந்தார். வேனில் ஒலிபெருக்கி வைத்துச் சந்தைக்குச் சந்தை போகிறவர். அவருக்கு முப்பது வினாடிக்கு ஒரு குரல் வேண்டும். "கோயில்ல அக்கா பாடுறத கேட்டிருக்கேன், நல்லா இருக்கும்" என்று பிரகாஷ் என்னைக் கொண்டுபோய் மைக்குக்கு முன்னால் உட்கார வைத்துவிட்டார். எழுதிக் கொடுத்தவள் மேரி. அழகாக எழுதியிருந்தாள். எழுதுகிற கட்டத்தில் அவளுக்கு ஒரு சரி விழுந்ததைப் பார்த்துக்கொண்டேதான் நான் உட்கார்ந்தேன்.

மைக்கைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்த ஒரே குரல்தான் வந்தது. கண்ணை மூடிக்கொண்டேன். "காரம்... மணம்... நிறம்..." என்று நிறுத்தி நிறுத்தி, நெஞ்சுருகச் சொன்னேன். முடித்துக் கண்ணைத் திறந்தால் அறையில் எல்லாரும் அமைதியாக இருந்தார்கள். நல்ல அமைதி என்று நினைத்துக்கொண்டேன். வியாபாரி தொண்டையைக் கனைத்தார். மெதுவாக, எனக்கு மனம் நோகாதபடிதான் சொன்னார்: "அருமைங்கக்கா. ஆனா கேக்குறவங்க வாங்கிட்டுப்போயி கொழம்புல போடுவாங்களா நெத்தியில பூசிக்குவாங்களான்னு எனக்கே சந்தேகமா இருக்குலா."

பிளானில் இல்லாதது

இரண்டாவது மாதம் ஒரு வீடமைப்புக் கம்பெனிக்காரர்கள் வந்தார்கள். பழைய ரப்பர் தோட்டத்தை அழித்து அடுக்கு வீடு கட்டுகிறார்கள். பெரிய பேனர் கட்டவும் வேண்டும், ஒரு குடும்பத்து அம்மா நடந்து வந்து பேசுகிற மாதிரி வீடியோவும் வேண்டும். பிரகாஷ் அன்று வேண்டுமென்றே வேலையை மாற்றிவிட்டார். ஏணி மேரிக்கு, வீடியோ எனக்கு. போய் இறங்கிய பிறகுதான் அது எந்தத் தோட்டம் என்று தெரிந்தது. நான் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அழுதுவிடுவேன், அழுதால் ஒரு கட்டம் போய்விடும்.

மேரி மூன்றாவது படியில் நின்றுவிட்டாள். மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. "ஏசுவே, ஏசுவே" என்று அவள் சொல்வது கேட்டது. ஏணியைப் பிடித்துக்கொள்ளப் போனேன். பிரகாஷ், "அக்கா, நீங்க உங்க வேலைய பாருங்க" என்றார். திரும்பி நடந்தேன். என் வேலை, செம்மண் மேட்டிலிருந்து மாதிரி வீடு வரை புன்சிரிப்போடு நடந்து வருவது. நடந்தேன். நடுவில் ஓர் இடம் வந்ததும் என் கால் தானாக ஓரம் ஒதுங்கி, சுற்றிக்கொண்டு போனது.

வீடியோவை நிறுத்திவிட்டு கம்பெனியின் விற்பனைத் தம்பி ஓடி வந்தார். "நேரா வந்திருக்கலாமேக்கா, ஏன் சுத்துனீங்க?" என்றார். "அங்க நாங்க குடியிருந்த லயத்துக் கெணறு இருந்துச்சு தம்பி, சின்னப்புள்ளைங்கள அந்தப் பக்கம் விடமாட்டாங்க" என்றேன். அவர் கையிலிருந்த வரைபடத்தை விரித்து, விரலை வைத்து ஒழுங்காகத் தேடிப் பார்த்தார். பாவம், நல்ல தம்பி. "கெணறா? பிளான்ல அப்படி ஒண்ணும் இல்லையேக்கா."

நாற்பது நிமிஷம்

இதை எழுத இப்போதும் கூச்சமாக இருக்கிறது. கண் அடிக்கிற வேலையைச் சின்ன வீடியோவாக எடுத்துக் கடையின் இணையப் பக்கத்தில் போடச் சொல்லியிருந்தார்கள். கைப்பேசியை மேசை மேல் சாய்த்து வைத்து, சிவப்பு வட்டத்தை அமுக்கிவிட்டு வேலையைப் பார்த்தேன். அது பதிவு செய்கிற வட்டம் இல்லை. ஊருக்கே நேரலையாகக் காட்டுகிற வட்டம். நாற்பது நிமிஷம் நான் சுத்தியலால் அடித்ததும், இடையிடையே முருகனைக் கூப்பிட்டதும், கடை போனில் எங்கள் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு "அந்த மஞ்ச மாத்திரய முழுங்குனீங்களா இல்லயா, வாயத் தெறந்து சொல்லுங்க" என்று அதட்டியதும் எல்லாம் போய்க்கொண்டே இருந்திருக்கிறது.

ஆட்கள் பார்த்தார்கள். எங்கிருந்து வந்தார்களோ தெரியவில்லை, கூட்டம் கூட்டமாகப் பார்த்தார்கள். கடைப் பக்கத்துக்கு அவ்வளவு பேர் எப்போதுமே வந்ததில்லை. மேரி மூன்று நாள் உட்கார்ந்து, பாட்டு போட்டு, எழுத்து ஓட விட்டுச் செய்த வீடியோவைப் பார்த்தவர்கள் பதினோரு பேர். அதில் ஒருவர் அவள் அண்ணி. பிரகாஷ் சந்தோஷத்தில் பலகைக்குப் போய் என் பெயருக்குக் கீழே வீடியோ கட்டத்திலும் இணையக் கட்டத்திலும் சேர்த்துச் சரி போட்டார். "பாஸ், அது தெரியாம நடந்தது" என்று நான் சொல்லியிருக்க வேண்டும். வாய் வரைக்கும் வந்தது. சொல்லவில்லை.

மறுநாள் கடைக்கு வந்த முன்பின் தெரியாத ஒரு பெண்மணி, பேனர் விலை கேட்பதற்கு முன்னாலேயே என்னைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "நீங்கதானேக்கா அது? உங்க வீட்டுக்காரரு கடைசில அந்த மாத்திரய முழுங்குனாரா?"

வெள்ளிக்கிழமைக் கீரை

ஒன்பது வருடமாக மேரியும் நானும் ஒரே மேசையில் சாப்பிட்டோம். வெள்ளிக்கிழமை நான் மச்சம் மாமிசம் சாப்பிட மாட்டேன் என்று அவள் அன்றைக்கு மட்டும் கீரையோ கத்தரிக்காயோ செய்துகொண்டு வருவாள். அந்த நாற்பது நிமிஷத்துக்கு அப்புறம் அவள் சாப்பாட்டுப் பெட்டியை எடுத்துக்கொண்டு பின்வாசல் பக்கம் போய்விட்டாள். நான் முன்னால் சாப்பிட்டேன். "பசியாறியாச்சா?" என்று காலையில் கேட்பதும் நின்றது. அவள் கம்ப்யூட்டரில் என்ன கற்றுக்கொள்கிறாள் என்று நான் ஓரக்கண்ணால் பார்ப்பேன். நான் நிமிர்ந்தால் அவள் பலகையிலிருந்து கண்ணை எடுப்பாள். ஒரு தரம் அவளுக்கு வந்த போனை நான் எடுத்துப் பேசி, வாடிக்கையாளர் கட்டத்தில் சரி வாங்கினேன். அவள் கோந்து டப்பாவை மட்டும் என் மேசையிலிருந்து எடுத்துத் தன் மேசையில் வைத்துக்கொண்டாள்.

காலையில் விளக்கேற்றும்போது ஒவ்வொருவர் பெயராகச் சொல்லிக் கும்பிடுவது என் வழக்கம். வீட்டுக்காரர், மகன், மருமகள், பேரன், மகள், கடைசியில் மேரி. இது அவளுக்கும் தெரியும். அவளும் ஞாயிற்றுக்கிழமை கோயிலில் எனக்காக மெழுகுவர்த்தி ஏற்றுவாள். ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், பின்வாசலிலிருந்து அவள் எழுந்து வந்தாள். கையில் ஒரு சின்னக் கிண்ணம், கீரை. என் மேசையில் வைத்துவிட்டு நின்றாள். என் முகத்தைப் பார்த்துத்தான் கேட்டாள். நான் கிண்ணத்தைத்தான் பார்த்தேன், ஏனென்றால் மூன்று வாரமாக மகள் பெயரோடு நிறுத்திக்கொண்டிருந்தேன். அவள் கேட்டது இதுதான்: "அக்கா, சாமிகிட்ட இன்னமும் என் பேரச் சொல்றீங்களா?"

படத்துக்கு மாலை

கடைசி வாரம். ஆளுக்கு ஒரு முழு வேலை, வாடிக்கையாளர் பேச்சிலிருந்து பேனரைக் கையில் கொடுக்கிற வரைக்கும். மற்றவர் கை வைக்கக் கூடாது. என்னுடையது செவ்வாய்க்கிழமை, ஒரு டியூஷன் நிலையத்துக்கு. ஒரு வழியாக முடித்தேன். மேரியுடையது வியாழக்கிழமை. ஓய்வு பெற்ற பஸ் ஓட்டுநர் பெருமாள் அண்ணனுக்கு அறுபதாவது பிறந்தநாள், அன்று சாயந்தரமே மண்டபத்தில் விருந்து, பத்தடி பேனர். பெருமாள் அண்ணனே பேனரை வாங்கிப்போக முன்கூட்டியே வந்து, தெருவைப் பார்த்து உட்கார்ந்து கோப்பி குடித்துக்கொண்டிருந்தார். மேரி ஒரு காதில் போனும் ஒரு கையில் எலியுமாக இருந்தாள். போனில் ஓர் ஓட்டல்காரர் வீடியோ கேட்டுக் கத்துகிறார், யாரோ விலை கேட்கிறார்கள், மேரி அச்சு மெஷினைத் தட்டிவிட்டு மறுபடி முன்னால் ஓடினாள்.

தடுப்புத் தட்டிக்குப் பின்னால் மெஷின் பக்கத்தில் நான் நின்றிருந்தேன். துணி மெதுவாக வெளியே வந்தது. முதலில் பெருமாள் அண்ணன் முகம். சிரித்த முகம். அந்தப் படத்தைச் சுற்றி மல்லிகை மாலை. அடியில் ஒற்றை விளக்கு, சுடரோடு. முந்தின வாரம் மேரி ஒரு நினைவஞ்சலி பேனர் செய்திருந்தாள். அவசரத்தில் அதையே திறந்து, படத்தை மாற்றி, எழுத்தை மாற்றி, மாலையையும் விளக்கையும் விட்டுவிட்டாள். மனிதர் கழுத்துக்குப் போட்டால் மரியாதை, படத்துக்குப் போட்டால் வேறு. இது மேரிக்குத் தெரியாதது இல்லை. முன்னெல்லாம் டிசைன்காரர் பார்ப்பார், வாடிக்கையாளரோடு மேரி பார்ப்பாள், ஓரம் மடிக்கும்போது நான் பார்ப்பேன். இன்றைக்கு எல்லாக் கண்ணும் மேரியுடையது.

இதை மறைக்காமல் எழுதிவிடுகிறேன். நான் உடனே கத்தவில்லை. மெஷின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடிக்கொண்டிருந்தது. முருகா, இது நீ எனக்குக் கொடுக்கிறதா என்று நினைத்தேன். நான் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. சும்மா நின்றால் போதும். மாலை முழுதும் வந்தது, விளக்கு முழுதும் வந்தது, வாழ்த்து எழுத்து ஆரம்பித்தது. தட்டிக்கு அந்தப் பக்கம் பெருமாள் அண்ணன் கோப்பியை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. அப்போதுதான் என் கை மெஷினை நிறுத்துகிற சிவப்புப் பொத்தானை அமுக்கியது. பார்த்தேன், நாலடி வந்திருந்தது.

மேரியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். பேச நேரமில்லை. அவள் உட்கார்ந்து மாற்றினாள், நான் பக்கத்தில் நின்று வாய்விட்டுப் படித்துப் பார்த்தேன். வந்த நாலடியைக் கண்ணில் படாமல் அழிக்க வேண்டும். உயிரோடு இருக்கிறவர் முகத்தில் கத்தரி வைக்க எனக்கு மனம் வரவில்லை. முகத்தைச் சுற்றி வெட்டி எடுத்து, மடித்து, என் கைப்பைக்குள் வைத்துக்கொண்டேன். மற்றதைத் துண்டு துண்டாக்கினோம். பெருமாள் அண்ணனிடம் போய், "மை தீந்துபோச்சுண்ணே, இன்னும் அரை மணி நேரம் ஆகும்" என்று பொய் சொன்னேன். என் பதற்றத்தைப் பார்த்து அவர்தான் எனக்கு ஆறுதல் சொன்னார்: "நிதானமா பண்ணும்மா. நான் என்ன, எங்கயும் போவப் போறதில்ல."

நாலடி

சனிக்கிழமை பிரகாஷ் எங்கள் இருவரையும் பலகைக்கு முன்னால் உட்கார வைத்தார். கடையில் கேமரா இருப்பதை நாங்கள் மறந்தே போயிருந்தோம். வியாழக்கிழமை நடந்ததை அவர் பார்த்திருக்கிறார். மெஷின் நின்றதும் நாங்கள் இருவரும் சேர்ந்து குனிந்து வேலை செய்ததும் அதில் இருந்தது. "மேரிக்கா, அது உங்க தனி வேலையா இல்ல. சரி போட முடியாது" என்றார். மேரி தலையை ஆட்டினாள். "பாக்கியக்கா, நீங்க பாக்கலேன்னா நம்ம கடை பேரு போயிருக்கும். நாற்காலி உங்களுக்குத்தான்."

மூன்று மாதம் காலையும் மாலையும் நான் கேட்டது இதைத்தான். சாமி கொடுத்துவிட்டார். ஆனால் கை நீட்டி வாங்க முடியவில்லை. "பாஸ், நான் பாத்த ஒடனே நிறுத்தல" என்றேன். "மூஞ்சியும் மாலையும் வந்தப்பவே பாத்துட்டேன். நாலடி வர்ற வரைக்கும் சும்மா நின்னேன். மேரிக்கு இது போவட்டும்னுதான் நின்னேன். அந்த வீடியோவும் தெரியாம அமுக்குனதுதான்." பிரகாஷ் என்னையே பார்த்தார். மேரியைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. தரையைப் பார்த்துக்கொண்டே மிச்சத்தையும் சொல்லிவிட்டேன். காலையில் அவள், மத்தியானத்துக்கு மேல் நான். நடுவில் ஒரு மணி நேரம் இரண்டு பேரும் இருந்து, ஒருத்தர் செய்ததை ஒருத்தர் பார்த்துவிடுகிறோம். டிசைனும் எழுத்தும் அவளுக்கு வரும், ஏணியும் குரலும் எனக்கு வரும். இரண்டு பேரையும் சேர்த்துப் பார்த்தால் கட்டம் ஆறும் நிறையும்.

"சம்பளமும் பாதி பாதியாத்தான்க்கா வரும்" என்றார் பிரகாஷ். தெரியும் என்றேன். வீட்டில் என்ன சொல்வேன் என்று நினைத்தேன். பிரகாஷ் அவள் பக்கம் திரும்பிக் கேட்டார்: "மேரிக்கா, நீங்க என்ன சொல்றீங்க? அப்ப வேலையும் பாதிதானே நடக்கும்?" "வேல முழுசா நடக்கும் பாஸ். நாற்காலிதான் பாதி" என்றாள் மேரி. பிரகாஷ் எழுந்து போய், எங்கள் இரண்டு பெயருக்கும் நடுவில் இருந்த கோட்டை விரலால் அழித்தார்.

அவர் போன பிறகு நாங்கள் இருவர் மட்டும். மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். அதற்குள் மேரி கோந்து டப்பாவைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தாள். மூடியை இறுக்கி மூடினாள். என்னை நேராகப் பார்த்தாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று அந்த முகத்தில் பிரித்துச் சொல்ல முடியவில்லை. "நாலடிதானேக்கா. நானா இருந்தா பத்தடியும் வர விட்டிருப்பேன்."

இப்படியாக எங்கள் கடை நாற்காலியில் மத்தியானம் வரைக்கும் ஏசுவும் அதற்கப்புறம் முருகனும் உட்கார்ந்து வேலை பார்க்கிறார்கள், சம்பளம் மட்டும் ஒரு ஆளுக்குத்தான்.